ஃபோர்க்லிஃப்டில் ரிவர்ஸிங் கான்டாக்டர் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்டி முன்னே போகிறது, பின்னே வர மறுக்கிறது. அல்லது கன்ட்ரோலர் பிழைக் குறி காட்டிவிட்டு நகரவே விடுவதில்லை. டிசி மோட்டார் ஓடும் பல ஃபோர்க்லிஃப்டுகளில் இதற்கு முன்-பின் கான்டாக்டர், அதாவது மோட்டார் சுழலும் திசையை மாற்றும் காந்த ஸ்விட்ச், காரணமாக இருப்பது வழக்கம். ரிவர்ஸிங் கான்டாக்டர் என்பதும் இதுவே. (ஏசி மோட்டார் வண்டிகளில் இந்த உறுப்பே கிடையாது, திசையை இன்வெர்ட்டர் மாற்றிவிடும்.) புதியதை மாட்டுவது பெரிய வேலை அல்ல. பழையது ஏன் போனது என்று பார்க்காமல் மாட்டுவதுதான் முதல் தவறு.

கழற்றியதைக் குப்பையில் போடாதீர்கள், பிரித்துப் பாருங்கள். மின்னணுக் கன்ட்ரோலர் உள்ள வண்டியில், மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நின்ற பிறகே திசைக் கான்டாக்டர் திறக்க வேண்டும். ஆகவே அதன் முனைகளில் தீப்பொறி அதிகம் எழக் கூடாது. முனை உருகிப் பள்ளம் பள்ளமாக இருந்தால், சுமையோடு திறந்திருக்கிறது என்று பொருள். திசை ஸ்விட்சின் முனைகள் தேய்ந்து விட்டுவிட்டுத் தொடுகின்றனவா, ஆக்சிலரேட்டர் ஸ்விட்ச் சரியாக விடுபடுகிறதா என்று சோதியுங்கள். பேட்டரியையும் விடாதீர்கள். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் சுமை ஏறும்போது வோல்டேஜ் சரியும். கான்டாக்டரை இழுத்துப் பிடிக்கும் காயில் (கம்பிச்சுருள்) பிடியை விட்டு, மறுபடி பிடித்து, படபடவென அடித்துக்கொள்ளும். முனைகள் ஒட்டிப்போவது பெரும்பாலும் அப்போதுதான். இதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும்.

பேட்டரி பிளக்கைக் கழற்றியவுடன் கை வைப்பது ஆபத்தான தவறு. கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். 100 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கன்ட்ரோலரின் பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே சில விநாடிகள் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் இணைத்து இறக்காதீர்கள். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் முன்பே கழற்றிவிடுங்கள்.

பேட்டரி 48 வோல்ட் என்பதால் காயிலும் 48 என்று எண்ணிவிடக் கூடாது. சில வண்டிகளில் கன்ட்ரோலர் வோல்டேஜைக் குறைத்துத்தான் காயிலுக்குத் தரும். பழைய காயிலில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்குங்கள். காயிலோடு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) இருந்தால் பிளஸ், மைனஸ் மாறவே கூடாது. மாறினால் காயிலை இயக்கும் டிரான்சிஸ்டர் எரிந்துபோகலாம்.

கேபிள்களைக் கழற்றும் முன் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் அடையாளம் ஒட்டுங்கள். கேபிளின் லக் (நுனியில் உள்ள உலோக வளையம்) நேரடியாகக் கான்டாக்டரின் செம்பு முகத்தில் உட்கார வேண்டும். நடுவே வாஷர் நுழைந்துவிட்டால் அந்த இணைப்பு சூடேறிக் கருகும். வாஷரின் இடம் லக்கின் மேல், நட்டின் கீழ். முறுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போல்ட் திரும்பி உள் முனை கோணலாகும். புதிய முனைகளில் எமரி தாள் படவே கூடாது.

சக்கரம் தரையில் இருக்கும்போது முதல் சோதனை செய்யாதீர்கள். மோட்டாரின் ஃபீல்ட் (காந்தச் சுருள்) கேபிள்கள் இடம் மாறியிருந்தால், முன்னே தள்ளிய லீவருக்கு வண்டி பின்னே பாயும். பின்னால் நிற்பவருக்கு விலக நேரமிருக்காது. இயக்கும் சக்கரங்களைத் தூக்கி, உறுதியான மரக்கட்டைகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம். இரு திசையும் மெதுவாகப் பார்த்து, இருக்கையை விட்டு எழுந்தால் ஓட்டம் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு சிறிது நேரம் சுமையோடு ஓட்டி, பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரை மறுபடி இறக்கிவிட்டு, நட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு முறை சரிபார்த்த பிறகே வண்டியை வேலைக்கு விடுங்கள்.