பேவுல்ஃப், மால்டன் படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பழைய ஆங்கில வீரப்பாட்டுகளுக்குள் நுழைபவர்கள் முதலில் தடுமாறுவது பெயர்களில். ஹ்ரோத்கார் யார், ஹ்ரோதுல்ஃப் யார் என்பது இரண்டாம் வாசிப்பில் தானாகத் தெளிந்துவிடும். படிக்கப் படிக்க இறுகிப்போகிற தப்புகள் வேறு.

மூன்று காலங்களைக் குழப்புவது

பேவுல்ஃப் என்பது நாயகன் பெயர்; அவன் கதை சொல்லும் பாட்டுக்கும் அதே பெயர். அந்தப் பாட்டுக்கு உள்ள கையெழுத்துப் பிரதி ஒன்றே ஒன்று. 1000-ஆம் ஆண்டை ஒட்டி இரண்டு எழுத்தர்கள் படியெடுத்தது. 1731 தீ விபத்தில் ஓரங்கள் கருகி, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கதை நடக்கும் காலம் ஆறாம் நூற்றாண்டு. அதில் வரும், நாயகனின் தாய்மாமனும் அரசனுமான ஹைகெலாக்கின் ஃப்ரிசியப் படையெடுப்பு 520-ஐ ஒட்டி உண்மையாகவே நடந்தது. தூர் நகரத்து கிரெகோரி தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பாட்டு கட்டப்பட்டது இந்த இரண்டுக்கும் நடுவில் எப்போது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனவே ‘பேவுல்ஃப் காலத்தில்’ என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறவர், எந்தக் காலம் என்று முதலில் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று: 3182 வரிகளின் கதைக்களம் டென்மார்க்கும் தென் ஸ்வீடனும்தான். நாயகன் ஆங்கிலேயன் இல்லை, கீட் இனத்தவன்.

மோனையைக் கண்ணால் பார்ப்பது

இந்தப் பாட்டுகளில் வரிக்கு நான்கு அழுத்தம் (ஓங்கி ஒலிக்கும் அசை), நடுவில் ஒரு நிறுத்தம். மூன்றாவது அழுத்தம்தான் சாவி: முன்பாதியின் இரண்டில் ஒன்றாவது, அல்லது இரண்டுமே, அதோடு மோனை கொள்ளும். நான்காவது கொள்ளாது.

பேவுல்ஃபின் பதினோராம் வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள்: ‘கோம்பன் யுல்டன். தாட் வாஸ் கோட் குனிங்.’ கப்பம் கட்டினார்கள். நல்ல அரசன் அவன் என்று பொருள். நம் கண் உடனே கோம்பன், கோட், குனிங் மூன்றையும் சேர்த்துவிட்டு யுல்டனைத் தள்ளிவிடும். இரண்டுமே தப்பு. குனிங்கின் ககரம் மூலத்தில் வேறு ஒலி, வேறு எழுத்து. யுல்டனின் யகரமோ கோம்பனின் முதலெழுத்தாலேயே எழுதப்பட்டு அதோடு மோனை கொள்வது. உயிரெழுத்தில் தொடங்கினால் நம்மைப் போல இனம் பார்ப்பதும் கிடையாது. எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும்.

கொம்பு வைத்த தலைக்கவசம்

பாட்டில் இல்லை. காட்டுப்பன்றி உருவம் உண்டு.

டாசிட்டஸை முதலில் திறப்பது

எரிச்சலூட்டுவது இதுதான். கட்டுரைக்குக் கட்டுரை இதே பல்லவி.

991 ஆகஸ்டில், எசெக்ஸ் கரையில் மால்டன் அருகே வைகிங் படையோடு நடந்த சண்டையைப் பாடும் பாட்டில் 325 வரிகள் எஞ்சியிருக்கின்றன. தலையும் இல்லை, வாலும் இல்லை. மூலப்பிரதி அதே 1731 தீயில் போய்விட்டது. முன்னரே எடுத்துவைத்த நகல் இருந்ததால் பாட்டு பிழைத்தது. தலைவர் பிர்ஹ்ட்நோத் விழுகிறார். ஓடாவின் மகன் கோட்ரிக் அவருடைய குதிரையிலேயே ஏறி ஓடுகிறான். குதிரையைப் பார்த்த பலரும் தலைவரே பின்வாங்குகிறார் என்று நினைத்துக் கலைய, கேடய வரிசை உடைகிறது. மிச்சமிருப்பவர்கள் நின்று சாகிறார்கள்.

ஏன் நின்றார்கள்? புதியவர் உடனே ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸின் ‘ஜெர்மேனியா’வைத் திறப்பார். ‘தலைவன் விழுந்த களத்திலிருந்து பிழைத்துத் திரும்புவது வாழ்நாள் இழிவு’ என்ற கருத்து அதில் கிடைக்கும்; வேலை முடிந்தது. அந்த நூல் 98-இல் ஒரு ரோமானியர் ரைன் நதிக்கு அப்பாலிருந்த குலங்களைப் பற்றி ரோமானியர்களுக்காக லத்தீனில் எழுதியது. மால்டனுக்கும் அதற்கும் 893 ஆண்டு இடைவெளி. நம்மவர்களுக்கு இன்னொரு குறுக்குவழியும் உண்டு: செஞ்சோற்றுக் கடன். ‘ஹ்லாஃபோர்ட்’ என்ற தலைவனைக் குறிக்கும் சொல்லுக்கே ‘ரொட்டி காப்பவன்’ என்பதுதான் வேர் என்று தெரிந்ததும் ஆசை இன்னும் கூடிவிடும்.

கையில் ஒரு தாளை எடுத்து, நின்றவர்கள் ஒவ்வொருவருக்கும் எதிரே அவரவர் காரணத்தை எழுதுங்கள். ஆல்ஃப்வினே: மது அருந்தும்போது பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன சூளுரைகளை நினையுங்கள் என்கிறான். தன் பாட்டன் பெயரை இழுக்கிறான். செத்தவர் எனக்கு உறவும்கூட, தலைவரும்கூட என்கிறான். லியோஃப்சுனு: ஸ்டர்மியர் ஊர்க்காரர்கள் பழி பேச இடம் கொடுக்க மாட்டேன். டாசிட்டஸோடு நெருங்கி வருவது இவன் பேச்சு. டன்னெரே சாதாரணக் குடியானவன்; அவன் கேட்பது பழிக்குப் பழி. ஆஃபா: இருவரும் சேர்ந்து வீடு திரும்புவோம், இல்லாவிட்டால் சேர்ந்து சாவோம் என்று தலைவரிடமே வாக்குக் கொடுத்தவன். கிழவன் பிர்ஹ்ட்வோல்ட்: இவ்வளவு அன்பான மனிதரின் பக்கத்தில்தான் படுப்பேன். சோறு அல்ல, உறவு, ஊர், பழி, வாக்கு, அன்பு. ஒரே சட்டம் என்று சொல்லிவிட்டால் பாட்டின் பின்பாதி முழுக்க ஒரே ஆள் திரும்பத் திரும்பப் பேசுவது போல ஆகிவிடும்.

அந்தச் சட்டத்தை பேவுல்ஃப் பாட்டில் வைத்தால் அங்கும் உடையும். டிராகனிடம் பேவுல்ஃப் சாகும்போது பத்துப் பேர் காட்டுக்குள் ஓடுகிறார்கள். துணை நின்ற விக்லாஃப் சாகவில்லை. ஓடியவர்களுக்கு அவன் சொல்லும் விளைவு, குடும்பத்தோடு நில உரிமை போகும் என்பது. அதே பாட்டின் கிளைக்கதையில் வரும் ஹெங்கெஸ்ட்டோ தன் தலைவன் ஹ்னாஃப் கொல்லப்பட்ட பிறகு எதிராளி ஃபின்னோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அவன் அரண்மனையிலேயே தங்குகிறான். டாசிட்டஸை மனத்தில் வைத்துப் படித்தால் இவன் கோழை. பாட்டில் அவன் கோழை இல்லை. மனம் கொதிக்கக் கொதிக்க, கடல் திறக்கக் காத்திருப்பவன்.

கென்னிங்கை உடைத்துவிடுவது

ஒரு பொருளை நேராகச் சொல்லாமல் கூட்டுச்சொல்லால் சுற்றிச் சொல்லும் உருவகம்தான் கென்னிங். ‘பான்ஹூஸ்’ என்றால் எலும்பு வீடு, அதாவது உடம்பு. ‘உடம்பு’ என்று மட்டும் எழுதினால் சப்பென்று போகும். ‘எலும்புக்கூடு’ என்று எழுதினால் ஆளே செத்துவிடுவான். ‘எலும்பு வீடு’ போதும்.

பரிசைச் சம்பளமாக எண்ணுவது

கிரெண்டல் என்ற அரக்கனைக் கொன்றதற்கு டேனிய அரசன் ஹ்ரோத்கார் பேவுல்ஃபுக்குக் கொடுத்தவற்றில் எட்டுக் குதிரைகள் உண்டு. ஊர் திரும்பிய பேவுல்ஃப் நான்கை ஹைகெலாக்கிடம் கொடுக்கிறான். மூன்றை அரசி ஹிக்டுக்கு. ஹ்ரோத்காரின் மனைவி தனக்குப் போட்ட கழுத்தணியையும் அவளுக்கே கொடுத்துவிடுகிறான். அதன் பிறகுதான் ஹைகெலாக்கிடமிருந்து, பேவுல்ஃபின் பாட்டன் ஹ்ரேத்தெலின் வாளும் ஏழாயிரம் அலகு நிலமும் வருகின்றன. வந்த எட்டுக் குதிரைகளில் அவனிடம் மிஞ்சுவது ஒன்று.