சபை பார்த்து ஓட்டுப் போட்டால் கடல் நிற்குமா? குமரிக் கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேர்தல் வந்தால் முதலில் எழும் கேள்வி, வேட்பாளர் எந்தச் சபை என்பதுதான். கத்தோலிக்கரா, சிஎஸ்ஐயா, பெந்தெகொஸ்தேயா என்று விசாரித்து முடிப்பதற்குள் பிரச்சாரமே ஓய்ந்துவிடும். சில தொகுதிகளில் பெரிய கட்சிகள் பலவும் கிறிஸ்தவரை நிறுத்துவதால் அந்த விசாரணைக்கும் பயன் இல்லை. விசுவாசத்தின்படி வாக்களிப்பது என்றால் நம் ஆளுக்குப் போடுவது என்று நினைப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. கடவுள் படைத்த கடலையும் மலையையும் காக்க யார் என்ன செய்வார் என்று பார்த்துப் போடுவதும் விசுவாசம்தான்.

வேட்பாளரின் ஞானஸ்நானச் சான்றிதழைவிட அவருடைய படிவம் 26-ஐப் பாருங்கள். வேட்புமனுவோடு தரும் பிரமாணப் பத்திரம் அது. சொத்து, பங்கு, வழக்கு, தொழில், அரசு ஒப்பந்தம் எல்லாம் அதில் வரும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் படிக்கலாம். மலையை உடைக்கும் குவாரியில் பங்கு உள்ளவர் மேடையில் பசுமை பேசினால் அப்போது தெரிந்துவிடும்.

இன்னொன்று, பிரசங்க பீடத்திலிருந்து கட்சி பெயர் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது. மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் படைப்பைக் காப்பது பற்றிப் பிரசங்கிக்க எந்தத் தடையும் இல்லை. போப் பிரான்சிஸ் 2015-இல் அதற்கென்றே ஒரு சுற்றுமடல் எழுதினார். ஏதேன் தோட்டத்தில் மனிதனை வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று ஆதியாகமம் 2:15 சொல்கிறது. 'உலகம் எப்படியும் அழியத்தானே போகிறது' என்று கையைக் கட்டிக்கொள்பவர்கள் அந்த வசனத்தை மட்டும் எப்படித் தாண்டிப் போகிறார்களோ!

சரி, கேள்வி கேட்கிறோம் என்றே வைப்போம். தவறான ஆளிடம் கேட்டால் அதுவும் வீண். மணவாளக்குறிச்சி பக்கம் எடுக்கும் கடற்கரைத் தாதுமணல் மத்திய அரசின் கையில் இருக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக எடுக்கும் திட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு, 2025 செப்டம்பரில், இந்த மணலில் கிடைப்பது போன்ற அணுக் கனிமங்களை எடுக்கும் சுரங்கங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. இதை நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேட்க வேண்டும். கல்குவாரி உரிமமும் டிப்பர் லாரியும் சட்டமன்ற வேட்பாளரின் பொறுப்பு. குளத்தில் கொட்டும் குப்பைக்கு வார்டு உறுப்பினரைப் பிடிக்கலாம்.

கடலோரத்தில் எல்லோரும் கேட்பது தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல் சுவர். வீடு கடலுக்குள் போகும்போது வேறென்ன கேட்பார்கள்? ஆனால் கரையோரமாக நகரும் மணலைக் கல் தடுத்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். நம் ஊருக்குக் கல் போட்டால் அடுத்த ஊருக்குப் பிரச்சினை போகிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து எத்தனை படகு கவிழ்ந்தது என்று அங்குள்ளவர்களைக் கேளுங்கள். 'எங்கள் ஊருக்கு எத்தனை வளைவு' என்று கேட்பதைவிட, 'இந்தக் கரை முழுக்க மணல் எப்படி நகர்கிறது என்று ஆய்வு செய்து திட்டம் போடுவீர்களா' என்று கேட்பது பிறனை நேசிக்கிற கேள்வி. ஓட்டுக் கேட்டு வருபவருக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வியும் அதுதான்.

அப்புறம், இது மீனவர் பிரச்சினை என்று கடலை விட்டுத் தள்ளி இருக்கும் சபைகள் ஒதுங்குவது. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதே காற்றில் கரையை விட்டுத் தள்ளி இருந்த ஊர்களில் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன. ஆழ்கடலில் இருக்கும் படகுக்குப் புயல் செய்தி எப்படிப் போகும், சாய்ந்த வாழைக்குக் காப்பீடு எப்போது வரும் என்ற இரண்டையும் ஒரே வேட்பாளரிடம் சேர்த்துக் கேட்கலாம். கடலோரப் பங்குக் கோயிலும் மலையோரச் சபையும் சேர்ந்து போய்க் கேட்டால் அவர் இரண்டுக்கும் வெவ்வேறு வாக்குறுதி கொடுத்துத் தப்ப முடியாது.