வரி மென்பொருள் முரண்டு பிடிக்கும்போது: உதவி கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அமெரிக்காவில் இருக்கும் சித்தி மகளுக்கு அங்கே ராத்திரி பத்தரை மணி. "அக்கா, டாக்ஸ் ஃபைல் ஆகவே மாட்டேங்குது, என்ன பண்றதுன்னே தெரியல" என்று ஒரு செய்தி அனுப்பினாள். கூடவே ஒரு போட்டோ. லேப்டாப் திரையைக் கைபேசியில் சாய்வாக எடுத்தது. அவளுடைய பெயர், முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் அதில் பளிச்சென்று தெரிந்தன. பிழைக் குறியீடு இருந்த வரி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது.

அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் மென்பொருள் நிறுவனத்தின் சாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். பிரவுசர் கேஷை, அதாவது அது சேர்த்து வைத்திருக்கும் தற்காலிகக் கோப்புகளை, அழிக்கச் சொன்னார்களாம், அழித்தாள். வேறு பிரவுசரில் திறக்கச் சொன்னார்களாம், திறந்தாள். மறுபடி அனுப்பினாள், மறுபடி நிராகரிப்பு. "குறியீட்டை மட்டும் எழுத்து விடாமல் டைப் பண்ணி அனுப்பும்மா" என்றேன். ஐஎன்டி-031-04 என்று வந்தது. பிரவுசருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போன வருடக் கணக்கில் இருந்த ஒரு தொகை, வரித்துறையிடம் இருக்கும் தொகையோடு பொருந்தவில்லை என்பதுதான் அதன் பொருள்.

சொந்தக்காரர்களும் நண்பர்களும் வரிக் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது எனக்குப் பல வருடப் பழக்கம். உதவி கிடைக்காமல் தவிப்பவர்களைவிட, தவறான இடத்தில் உதவி கேட்டுத் தவிப்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

யாரிடம் கேட்க வேண்டியதை யாரிடம் கேட்கிறோம்?

கோளாறு மூன்று இடங்களில் எங்கேயாவது இருக்கலாம்: மென்பொருளில், வரித்துறையின் கணினியில், அல்லது சட்டம் பற்றி நமக்குள்ள சந்தேகத்தில். பார்ப்பதற்கு எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். "வேலை செய்யலை" என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம்.

பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே சிவப்பில் எச்சரிக்கை வந்தால், அது மென்பொருளே செய்யும் சோதனை. லாகின் ஆகவில்லை, பக்கம் திறக்கவில்லை, போன வருடத் தகவல் இறங்கவில்லை என்பதும் இந்த வகைதான். இதற்கு மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவு சரியான இடம். அனுப்பிய பிறகு, சில நிமிடமோ ஒரு நாளோ கழித்து "ஏற்கப்படவில்லை" என்று குறியீட்டோடு பதில் வந்தால், அது வரித்துறையின் கணினி சொன்ன பதில். மென்பொருள் அதைத் தபால்காரர் மாதிரி கொண்டுவந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்தக் குறியீட்டின் விளக்கத்தை வரித்துறையின் தளத்திலோ மென்பொருளின் உதவிப் பக்கத்திலோ முதலில் படியுங்கள். மூன்றாவது வகையில் பிழைச் செய்தியே வராது. "வீட்டில் வேலை பார்த்த அறையின் வாடகையை இங்கே போடலாமா?" என்று கை தயங்கும். அது சட்டக் கேள்வி. சாதாரணக் கஸ்டமர் கேர் ஊழியருக்கு அதற்குப் பதில் சொல்லும் வேலை இல்லை. தனிக் கட்டணத்தில் வரி நிபுணர் சேவை வாங்கியிருந்தால் அவரிடம் கேட்கலாம். இல்லையென்றால் ஓர் ஆடிட்டரையோ, வரித்துறை அங்கீகரித்த இலவச உதவி மையத்தையோ பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 'விட்டா' (VITA) என்ற பெயரில், பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு இலவசமாகக் கணக்குப் போட்டுத் தருகிறார்கள்.

சித்தி மகள் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இணையவழியில் கணக்கு அனுப்பும்போது, ஆளை உறுதிப்படுத்திக்கொள்ள முந்தைய ஆண்டின் 'சரிக்கட்டிய மொத்த வருமானம்' (ஏஜிஐ; மொத்த வருமானத்தில் சில கழிவுகள் போக மிஞ்சும் தொகை) கேட்பார்கள். அவள் தன்னிடமிருந்த நகலைப் பார்த்துச் சரியான தொகையைத்தான் போட்டிருந்தாள். ஆனால் போன வருடம் அவள் காகிதத்தில், அதுவும் தாமதமாக அனுப்பியிருந்தாள். அந்தக் கணக்கை வரித்துறை இன்னும் பதிவு செய்து முடிக்கவில்லை. அவர்கள் கணினியில் இல்லாத ஒரு தொகை எப்படிப் பொருந்தும்? இப்படிப்பட்ட நிலையில் 0 என்று போடுங்கள் என்று வரித்துறையே சொல்கிறது. போட்டாள், கணக்கு ஏற்கப்பட்டது.

கடைசி நாளுக்குள் அனுப்பிய கணக்கு நிராகரிக்கப்பட்டால், திருத்தி மறுபடி மின்னணு முறையில் அனுப்ப அங்கே 5 நாள் அவகாசம் இருக்கிறது. அந்த நாட்களுக்குள் ஏற்கப்பட்டுவிட்டால் உரிய நேரத்தில் தாக்கல் செய்ததாகவே கொள்வார்கள். இது முன்பே தெரிந்திருந்தால் அவள் அன்று அவ்வளவு பதறியிருக்க மாட்டாள்.

எச்சரிக்கை போனால் போதும் என்று எண்ணை மாற்றுவது

மற்ற தவறுகளில் நேரம் போகும். இதில் பணமும் நிம்மதியும் போகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சம்பளச் சான்றில் பிடித்தம் செய்த வரி ஒரு தொகை, மென்பொருள் தானாக இறக்கிக்கொண்டது வேறு தொகை. மஞ்சள் முக்கோணம் போட்டு எச்சரிக்கை வருகிறது. மணி பதினொன்று. யாரோ ஒருவர் "அந்தக் கட்டத்தில் 0 போட்டேன், எரர் போயிடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். நாமும் போடுகிறோம். முக்கோணம் மறைகிறது, மனசு லேசாகிறது. ஆனால் இப்போது அனுப்பப்போவது பொய்க் கணக்கு.

எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று மட்டும்தான் மென்பொருளால் பார்க்க முடியும். அவை உண்மையா என்று அதற்குத் தெரியாது. கையெழுத்து நம்முடையது. "மென்பொருள் அப்படிக் காட்டியது" என்ற வாதத்தை அமெரிக்க வரி நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே ஒரு வழக்கில் ஏற்க மறுத்துவிட்டது. உள்ளே போடும் தகவல் எவ்வளவு சரியோ அவ்வளவுதான் மென்பொருளும் சரி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டு தொகைகள் முரண்பட்டால், சான்று கொடுத்த முதலாளியிடமோ வங்கியிடமோ முதலில் கேளுங்கள். அவர்கள் தரப்பில் திருத்த வேண்டியது ஏதாவது இருக்கலாம். இது நான்காவது இடம் மாதிரி; சான்றிலேயே தவறு இருந்தால் மென்பொருளால் அதைச் சரிசெய்ய முடியாது.

தேடலில் முதலில் வந்த எண்ணைக் கூப்பிடுவது

பதற்றத்தில் மென்பொருளின் பெயரோடு 'உதவி எண்' என்று தேடுகிறோம். மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். உண்மையான நிறுவனம் போலவே பெயரும் சின்னமும் போட்டு மோசடிக்காரர்களும் விளம்பரம் கொடுக்கிறார்கள். பேசுகிற குரல் அன்பாக இருக்கும். "உங்கள் கணினியை நானே பார்த்துச் சரிசெய்கிறேன், இந்தச் செயலியை மட்டும் இறக்குங்கள்" என்பார். இறக்கினால் வருமானம், வங்கிக் கணக்கு, அடையாள எண் மூன்றும் ஒரே திரையில் அவர் கண் முன்னால்.

உதவி எண்ணையோ சாட்டையோ மென்பொருளில் லாகின் செய்த பிறகு, அதற்குள்ளேயே இருக்கும் உதவிப் பொத்தான் வழியாகத்தான் தேட வேண்டும். ஓடிபி, பாஸ்வேர்டு கேட்பவர் யாராக இருந்தாலும் அந்த நொடியே போனை வைத்துவிடுங்கள். உண்மையான நிறுவனத்தோடு திரையைப் பகிர வேண்டி வந்தால், வங்கித் தளம், மெயில் எல்லாவற்றையும் முதலில் மூடிவிட வேண்டும். பேசி முடித்ததும் பகிர்வை நிறுத்தியாயிற்றா என்று நம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொதுவெளியில் கேள்வி கேட்டால், யாரோ ஒருவர் தனிச் செய்தியில் வந்து "நான் அந்த நிறுவனத்து ஆள்" என்று சொல்வதும் சகஜம். பதில் போட வேண்டாம்.

அரைகுறையாகச் சொல்வது

"உங்க சாஃப்ட்வேர் எரர் காட்டுது, சீக்கிரம் சரி பண்ணுங்க" என்று எழுதினால் என்ன பதில் வரும்? கேஷை அழியுங்கள் என்றுதான் வரும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் கையில் வேறு தகவல் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வங்கி விவரம் பக்கத்தில் கணக்கு எண்ணைப் போட்டுச் சேமித்தால் 'செல்லாத எண்' என்று வருகிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதேதான். மாலை 6.10-க்கு ஆரம்பித்தது. வேறொரு கணக்கு எண்ணை ஏற்றுக்கொள்கிறது. ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன்."

எந்தப் பக்கம், எதை அழுத்தியதும், என்ன வார்த்தைகள் வந்தன, எதையெல்லாம் முயன்றாயிற்று. இவ்வளவு இருந்தால் முதல் பதிலிலேயே விஷயம் முடிய வாய்ப்பிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டில் அடையாள எண்ணையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு, குறியீட்டையும் நேரத்தையும் தெரியும்படி விடுங்கள். பேச ஆரம்பித்ததும் டிக்கெட் எண்ணை, அதாவது நம் புகாரின் பதிவு எண்ணை, கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறை முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

மேலே இருக்கும் உதாரணம் ஒரு நண்பருக்கு நிஜமாகவே நடந்தது. எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. கர்சரை அந்தக் கட்டத்தின் கடைசிக்குக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது: கடைசி இலக்கத்துக்கும் கர்சருக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி. வங்கி அறிக்கையின் பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது ஒரு வெற்றிடமும் சேர்ந்து வந்திருந்தது. கையால் தட்டச்சு செய்ததும் பச்சை விழுந்தது. அதனால் எண்களை ஒட்டுவதைவிடத் தட்டச்சு செய்வது நல்லது. பிரவுசர் தானாக நிரப்பும் வசதியையும், பக்கத்தைத் தானாக மொழிபெயர்க்கும் வசதியையும் இந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள்.

சேமிக்காமல் எதையாவது அழிப்பது

'முதலிலிருந்து தொடங்கு' என்பது கடைசி ஆயுதம். யார் சொன்னாலும் அதற்கு முன்னால், இதுவரை போட்டதை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். திட்டத்தை மாற்றும்போதும் அப்படியே. கட்டணத் திட்டத்திலிருந்து கீழ்த்திட்டத்துக்கு இறங்க நினைத்தவர்கள் உதவிப் பிரிவைத் தொடர்புகொண்டே ஆக வேண்டியிருந்தது, அப்படி இறங்கும்போது போட்டு வைத்திருந்த தகவல்கள் அழிக்கப்பட்டன என்று, வரி மென்பொருள் விற்கும் ஹெச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2024 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. நிறுவனம் 70 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பாதிக் கணக்குப் போட்ட பிறகு திட்டத்தை மாற்றுவதைவிட, நமக்கு வேண்டிய படிவம் எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று ஆரம்பத்திலேயே பார்த்துவிடலாம்.

'அனுப்பியாச்சு' என்பதோடு நிறுத்திவிடுவது

பொத்தானை அழுத்துகிறோம், சக்கரம் சுற்றுகிறது, நிற்கவே இல்லை. உடனே மறுபடி அழுத்தத் தோன்றும். வேண்டாம். வெளியே வந்து, திரும்ப லாகின் செய்து, நிலவரம் என்னவென்று பாருங்கள். முதல் முறையே போய்ச் சேர்ந்திருந்தால், இரண்டாவது கணக்கு "இந்த எண்ணில் ஏற்கெனவே தாக்கல் ஆகிவிட்டது" என்று திரும்பி வரும். யாரோ நம் பெயரில் மோசடி செய்துவிட்டார்கள் என்று பயந்துபோனவர்கள் உண்டு. ஆனால் நீங்கள் உண்மையிலேயே ஒரு தடவைகூட அனுப்பாமல் இந்தப் பதில் வந்தால், அதை அலட்சியம் செய்யக் கூடாது. அது மென்பொருள் கோளாறு அல்ல, நேராக வரித்துறையிடம் போக வேண்டிய விஷயம். அமெரிக்காவில் அடையாளத் திருட்டுக்கென்றே 14039 என்ற படிவம் இருக்கிறது.

அனுப்பியது வேறு, ஏற்கப்பட்டது வேறு. இந்தியாவில் இன்னொரு படியும் உண்டு: தாக்கல் செய்த பிறகு ஆதார் ஓடிபி போன்ற வழிகளில் சரிபார்க்க வேண்டும். 120 நாளாக இருந்த அந்த அவகாசம் 2022 ஆகஸ்ட் 1 முதல் 30 நாளாகக் குறைந்துவிட்டது. ஓடிபி வரவில்லை என்று மென்பொருளைத் திட்டிக்கொண்டே நாளைக் கடத்துகிறவர்கள், ஆதாரில் பழைய கைபேசி எண் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை.

கடைசி நேரத்தில் மென்பொருள் நிஜமாகவே படுத்துவிட்டால், அதற்கான ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். பிரிட்டனில் இணையவழிக் கணக்குக்கு ஜனவரி 31 கெடு. தவறினால் 100 பவுண்டு அபராதம். கணக்குத் தயாரிக்கும் நேரத்தில் கணினியோ மென்பொருளோ பழுதானதை நியாயமான காரணங்களில் ஒன்றாக அங்கே வரித்துறையே பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் தேதியும் நேரமும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், டிக்கெட் எண், உதவிப் பிரிவின் மெயில் எதுவும் இல்லாமல் வெறும் வாயால் சொன்னால் முறையீட்டுக்கு வலு இருக்காது.

எல்லாம் முடிந்த பிறகு, ஏற்கப்பட்டதற்கான ஒப்புகையையும் முழுக் கணக்கின் பிடிஎஃப்பையும் இறக்கி, சொந்தக் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். மென்பொருளின் சந்தா முடிந்துபோனால் பழைய கணக்கைத் திறக்க முடியாமல் போகலாம். அடுத்த வருடம் கேட்கும் தொகை அதில்தான் இருக்கும். அன்று ராத்திரி சித்தி மகளிடம் இதைச் சொன்னதும், "உங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பி வைக்கிறேன் அக்கா, பத்திரமா இருக்கும்" என்றாள். "எனக்கு வேண்டாம்மா. உன் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, ஒரு பென்டிரைவ்ல ஒண்ணு போட்டு வை. அப்புறம் முன்னாடி அனுப்பினியே அந்த போட்டோ, அதை இங்க நான் அழிச்சுட்டேன், நீயும் அழிச்சுடு" என்றேன்.