பியானோவின் பக்கப் பலகை விட்டுப்போனால்

பழைய அப்ரைட் பியானோக்களை (சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை) பெரும்பாலும் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசையால்தான் ஒட்டியிருப்பார்கள். வருடக்கணக்கில் ஈரமும் வெக்கையும் மாறி மாறிப் பட்டால் அது நொறுங்கி, பக்கப் பலகை மெல்ல விலகும். கம்பிகளின் இழுவிசை மொத்தம் 15 டன்னுக்கும் மேல் என்றாலும் அதைத் தாங்குவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமும் பின்கட்டையும்தான். அதனால் பயப்படாமல் நாமே ஒட்டலாம்.

அவசரப்பட்டுப் பழைய பசையின் மேலேயே ஃபெவிகாலை ஊற்றிவிடாதீர்கள், பிடிக்காது. முன்பலகைகளைக் கழற்றிவிட்டு, இடுக்கில் ரம்பப் பிளேடை விட்டுச் சுரண்டுங்கள். மிச்சத்தை வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பாதி வேலை இதுதான்.

அடுத்தது இறுக்குவது. பியானோவின் அகலம் ஏறக்குறைய 5 அடி. அவ்வளவு நீள கிளாம்ப் யார் வீட்டில் இருக்கும்? லாரியில் சரக்கு கட்டும் ரேச்சட் பெல்ட் 2 போதும். பாலிஷ் நசுங்காமல் மூலைகளில் அட்டையோ மரத்துண்டோ வையுங்கள். பசை தடவுவதற்கு முன் ஒருமுறை சும்மா இறுக்கி, இடைவெளி மூடுகிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் சிரிஞ்சால் பசையைச் செலுத்தி இறுக்கி, வழிவதை உடனே ஈரத்துணியால் துடைத்துவிட்டு 24 மணி நேரம் தொடாதீர்கள்.

எபாக்ஸி மட்டும் வேண்டாம். அடுத்த முறை பிரிக்கவே முடியாது.

அப்புறம், விரிசல் பக்கத்தில் இல்லாமல் மேல்பகுதியில், கம்பிகளைச் சுற்றி முறுக்கும் டியூனிங் முளைகள் இறங்கும் கட்டைக்குப் பின்னால் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது டெக்னீஷியன் வேலை.