இன்ஜின் நின்றால் ரன்வேக்குத் திரும்பாதீர்கள்

போன வாரம் விமானம் ஓட்டக் கற்கும் ஒரு மாணவருடன் சிறிய விமானத்தில் 3,000 அடியில் மேலேறிக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் த்ராட்டிலை முழுதாக இழுத்து இன்ஜின் சக்தியை அடக்கினேன். மறுநொடியே அவர் இடப்பக்கம் திருப்பத் தொடங்கிவிட்டார். மாணவனாக இருந்தபோது நானும் இதையேதான் செய்தேன். எரிபொருள் பார்க்காமல் கிளம்பாதே என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இந்தத் திருப்பத்தின் மேல்தான்.

திரும்பிப் போவது

புறப்பட்டு 500 அடியில் இன்ஜின் நின்றால், மனம் முதலில் ஓடுவது விட்டுவந்த ரன்வேக்குத்தான். 180 டிகிரி திரும்பினால் போதும் என்று தோன்றும். போதாது. ரன்வேக்குப் பக்கவாட்டில் தள்ளித்தான் இருப்பீர்கள். நேர்க்கோட்டுக்கு வர மேலும் திரும்பி, அப்புறம் எதிர்ப்பக்கமும் வளைய வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 270 டிகிரி. என்ன நடந்தது என்று உறைக்கவே சில விநாடிகள் போய்விடும். தூக்கிய மூக்கு அதற்குள் வேகத்தைத் தின்றுவிடும்.

சீக்கிரம் திரும்பச் சாய்வைக் கூட்டுவார்கள். உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்ந்தால் ஸ்டால் வேகம், அதாவது எதற்குக் கீழே போனால் இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாதோ அந்த வேகம், 19 சதவீதம் ஏறும். 60 டிகிரியில் 41 சதவீதம். எதிர்க்காற்றில் கிளம்பியவருக்கு இப்போது பின்காற்று. தரை விரைந்து ஓடுவதைப் பார்த்து, வேகம் இருக்கிறது என்று நம்பி யோக்கை, அதாவது ஓட்டும் கைப்பிடியை, இழுப்பார். ஓர் இறக்கை விழும். சுழன்று விழும் அந்த ஸ்பின்னிலிருந்து மீள அங்கே உயரம் கிடையாது.

அந்த மாணவர் கழுத்தைத் திருப்பி ரன்வே இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டால் ஹார்ன் அலறியும் வேகமானியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. திருப்பம் முடிந்தபோது 600 அடி உயரம் போயிருந்தது.

மூக்கை இறக்குங்கள். செஸ்னா 172எஸ் விமானத்துக்கு முழு எடையில் கிளைடு வேகம், அதாவது இன்ஜின் இல்லாமல் மிதந்து இறங்கும் வேகம், 68 நாட் (மணிக்குச் சுமார் 126 கி.மீ.), அதைப் பிடியுங்கள். முன்னால், இருபுறமும் 30 டிகிரிக்குள் கிடைக்கும் திறந்த இடத்தில் இறக்குங்கள். வேலியில் மோதி இறக்கை பிய்ந்தால் பிய்யட்டும், உள்ளே இருப்பவர்கள் பிழைக்க வழி உண்டு. எந்த உயரத்துக்குக் கீழே திரும்பவே மாட்டேன் என்பதை, ரன்வேயில் ஓடத் தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டர் ஹீட்டைப் பாதியில் அணைப்பது

எரிபொருளும் காற்றும் கலக்கும் கார்புரேட்டரில் கட்டிய பனியை உருக்கச் சூடான காற்றை விடுவதுதான் இந்த ஹீட். உருகிய பனி இன்ஜினுக்கு உள்ளே போகும்போது இன்ஜின் முன்பைவிட மோசமாகத் தடதடக்கும். பயந்து அணைக்கிறார்கள். விட்டுவையுங்கள், முழுதும் உருகட்டும். காற்று ஈரமாக இருந்தால் 20 டிகிரி வெப்பத்திலும் பனி கட்டும்.

கதவு திறந்துகொண்டால்

சத்தம் பயமுறுத்தும். விமானத்தை ஓட்டுங்கள்.

மைக்கைப் பிடிப்பது

ரேடியோவில் பேசுவதெல்லாம் வேகம் கைக்குள் வந்த பிறகு.