பிரசவத்தில் கை நரம்பு பாதித்த குழந்தை: எவ்வளவு நாள் காத்திருக்கலாம், ஆப்பரேஷனுக்கு எப்போது போக வேண்டும்?

பிறந்த குழந்தை ஒரு கையை மட்டும் தூக்காமல், முழங்கையை மடக்காமல், உள்ளங்கை பின்பக்கம் திரும்பியபடி தொங்கவிட்டிருந்தால் வார்டில் யாராவது ஒருவர் "தானா சரியாகிடும்" என்பார். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது உண்மைதான். ஆனால் சரியாகாத குழந்தைகளுக்கு நரம்பு ஆப்பரேஷன் பலன் தரும் காலம் ரொம்பக் குறைவு, அந்தக் காலம் இந்த ஒரு வார்த்தையை நம்பியே கழிந்துவிடக் கூடாது.

தலை வெளியே வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொள்ளும்போது, கழுத்திலிருந்து கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்கள் இழுபடுகின்றன. மேல் இரண்டு மட்டும் பாதித்தால் தோளும் முழங்கையும் வேலை செய்யாது, விரல்கள் அசையும். இதைத்தான் எர்ப்ஸ் பால்சி என்கிறார்கள். ஐந்தும் போனால் கை முழுக்கத் துவண்டுவிடும். வெறுமனே இழுபட்ட நரம்பு தேறிவிடும், அறுந்தது தானாகச் சேராது.

முதல் வாரத்திலேயே காறை எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டாக்டர் சொன்னதும் பிசியோதெரபி தொடங்குங்கள். முக்கியமான பயிற்சி ஒன்று: குழந்தையின் முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முன்கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருப்பது. தெரபிஸ்ட் முன்னால் செய்து காட்டிப் பழகிக்கொண்டு, ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் செய்யலாம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், தப்பில்லை. ஆனால் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் அந்தக் கையை இழுக்க விடாதீர்கள்.

ஒரு மாதத்தில் கையின் அசைவு முழுசாகத் திரும்ப வரவில்லை என்றால் பொது டாக்டரோடு நிற்காமல் நரம்பு ஆப்பரேஷன் செய்கிற கை அறுவைசிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சென்னை ஸ்டான்லி, வேலூர் சிஎம்சி, கோவை கங்கா ஆகிய மருத்துவமனைகளில் இந்தப் பிரிவுகள் உண்டு. வாராவாரம் வீடியோ எடுத்து வையுங்கள், ஓபியில் குழந்தை தூங்கிவிட்டால் அதுதான் சாட்சி.

மூன்றாம் மாதம்தான் பெரிய கெடு. குழந்தை முழங்கையைத் தானே மடக்குகிறதா? இல்லையென்றால் பல சர்ஜன்கள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆப்பரேஷன் செய்யச் சொல்வார்கள். லேசாக அசைவு வருகிறவர்களை ஒன்பதாம் மாதம் வரை பார்ப்பதும் உண்டு, அப்போது மேல்கையை உடம்போடு பிடித்துக்கொண்டு கையில் பிஸ்கட் கொடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று சோதிப்பார்கள். கை முழுக்கத் துவண்டு, அதே பக்கத்து இமை தாழ்ந்து, கண்மணி சுருங்கியிருந்தால் நரம்பு வேரோடு பிடுங்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், அவர்கள் காத்திருக்கவே கூடாது. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், அது வந்து சேரும்வரை தசை உயிரோடு இருக்க வேண்டுமே!

ஆப்பரேஷனில் தழும்பாகிப்போன நரம்புப் பகுதியை வெட்டிவிட்டு, கெண்டைக்காலிலிருந்து உணர்ச்சி நரம்பை எடுத்து அந்த இடைவெளியில் ஒட்டுவார்கள். பாதத்தின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்திருக்கும், நடைக்கு ஒன்றும் ஆகாது. வேரோடு பிடுங்கியிருந்தால் ஒட்ட இடமில்லை, அதனால் நல்ல நிலையில் இருக்கும் பக்கத்து நரம்பின் ஒரு இழையைத் திருப்பி இணைப்பார்கள். அப்புறம் சில வாரம் கையைக் கட்டி வைத்திருப்பார்கள். அசைவு தெரிய ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம், முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று வருஷம்கூட ஆகும். ஆப்பரேஷனுக்கு முன்பே "எந்த வேர்கள் போயிருக்கின்றன, எந்த அசைவை எதிர்பார்க்கலாம், செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்று நேராகக் கேளுங்கள். கை நூறு சதவீதம் மற்ற கை மாதிரி ஆகும் என்று யாராவது உறுதி கொடுத்தால் இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள்.

நரம்பு தேறிய பிறகும் தோளை விடாதீர்கள். உள்பக்கம் திருப்பும் தசைகள் இறுகி, மூட்டு மெல்ல பின்பக்கம் நழுவலாம், இது முதல் வயதிலேயே தொடங்கிவிடும். கை வெளிப்பக்கம் திரும்ப மறுத்தால் உடனே அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள். இறுகிய தசையைத் தளர்த்துவது, முதுகுத் தசையின் தசைநாணை மாற்றிப் பொருத்தி கையைத் தூக்க வைப்பது, வயது கூடியபின் மேல்கை எலும்பை வெட்டித் திருப்பி வைப்பது என்று அதற்கும் ஆப்பரேஷன்கள் உண்டு. எலும்பு வளர வளர இந்தப் பிரச்சினை திரும்ப வரலாம் என்பதால் வளர்ச்சி நிற்கும்வரை வருஷத்துக்கு ஒருமுறையாவது போய்க் காட்டிவிடுங்கள்.