விபத்து வழக்கு: பதினாறு நாளுக்குள் கோட்டை விடும் இடங்கள்

"ஆளே போயிட்டார், காசு கிடக்கட்டும். முதல்ல காரியம் முடியட்டும்." காரைக்குடிப் பக்கம் துக்க வீட்டில் இதைக் கேட்காமல் திரும்ப முடியாது. அந்த வலி நியாயமானது. ஆனால் நஷ்டஈட்டு வழக்கின் பாதி அந்தப் பதினாறு நாளிலேயே முடிவாகிவிடுகிறது. ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற சட்டத்திருத்தமும் 2022 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலேயே ஒரு தவறு நடக்கும். போலீஸ் அலைச்சலுக்குப் பயந்து, கூட வந்தவர் "வண்டி சறுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிடுவார். அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு லாரி மோதியது என்று எஃப்.ஐ.ஆர். வந்தாலும், இன்சூரன்ஸ் வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த ஒரு வரியைத்தான். நம் வக்கீல் இரண்டு காகிதத்தையும் சேர்த்துப் படித்துவிட்டுத்தான் மனு எழுத வேண்டும்.

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போகிறவர்மேல் இருட்டில் மோதிவிட்டு ஓடிய வண்டியின் எண் தெரியவில்லையா? அப்போதும் விடாதீர்கள். இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் தரத் தனித் திட்டம் உண்டு.

எனக்கு மனசு ஆறாத இடம் வருமானம். ஆத்தங்குடி கல் பட்டறையில் வேலை பார்த்த 38 வயதுக்காரர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. மாதம் 15,000 சம்பாதித்தார், எல்லாம் கைக்காசு. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புகளின்படி எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி, அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து, வருடக் கணக்காக்கி, அந்த வயதுக்கென்று தீர்ப்பு வகுத்த பெருக்கு எண்ணான 15-ஆல் பெருக்க வேண்டும். 28,35,000 வருகிறது. ஆதாரம் இல்லையென்று தீர்ப்பாயம் 10,000 என எடுத்துக்கொண்டால் 18,90,000தான். ஒரு கூலி நோட்டுக்கும் பட்டறைக்காரரின் சாட்சிக்கும் ஒன்பது லட்சத்துக்கு மேல் மதிப்பு! அவரைக் கூண்டில் ஏற்றாத வக்கீல் அந்தப் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்கிறார். கூட்டுறவுக் கடன், பாஸ்புக், சீட்டுக் கட்டிய அட்டை, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இறந்தது வீட்டுப் பெண் என்றால் "வருமானம் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. அவர் உழைப்புக்கும் மதிப்பு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

காயம்பட்டவர் வழக்கில் ஊனச் சதவீதத்தை மட்டும் நம்புவது தப்பு. கல்யாணச் சமையல் மாஸ்டருக்கு மணிக்கட்டில் 30 சதவீதம் என்று டாக்டர் எழுதலாம். அண்டாவைத் தூக்க முடியாதவருக்குப் போனது மொத்தப் பிழைப்பும். ராஜ்குமார் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் பார்க்கச் சொன்னது இந்தப் பிழைப்பு இழப்பைத்தான். அதை மாஸ்டரும் டாக்டரும் சாட்சியத்தில் சொன்னால்தான் உண்டு.

அப்புறம் ஃபீஸ். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பேசுவதைப் பார் கவுன்சில் விதி தடுக்கிறது. வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்துக்குப் போகலாம், சீக்கிரம் முடியும். ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட தொகைக்கு அப்பீல் கிடையாது. மேலே போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.